கேக் பிடிக்காதவர்கள்

நவம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் அத்தானும் நலம், அதாவது தூங்குகிறார். அச்சகத்தில் இரவு வேலை முடித்து விடிந்தபின் வந்து படுத்தால் மத்தியானம்வரை அசைவதில்லை. இருப்பது ஒரே அறை. நான் போனில் பேச ஆரம்பித்தால் அவர் மட்டுமா, கீழ்வீட்டுக்காரரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் இந்தக் காலத்திலும் உனக்காகப் பேனா பிடிக்கிறேன். சலவைக் கடைக்குக் கிளம்பக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அடுப்பைத் துடைத்தாயிற்று. இனி உன்னோடு பேச்சு.

சின்னவனுடைய மழலை வகுப்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் பார்ட்டியாம். காகிதத்தின் மேலே மணி படம், கீழே பனிமனிதன் படம், நடுவில் எனக்கு வேட்டு. சிவப்புச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சிவப்புக் குல்லா வேண்டும். குல்லாவைப் பள்ளிக்கூடம் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும். தின்பண்டத்துக்கு ஒரு பங்கு, தோரணத்துக்கு ஒரு பங்கு, கிறிஸ்துமஸ் தாத்தாவாக வருகிறவருக்கு ஒரு பங்கு. இவ்வளவும் போக, பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஆளுக்கொரு பரிசு, அழகாகப் பொதிந்து அனுப்ப வேண்டுமாம். கடையில் போய் விசாரித்தேன். பென்சில் பெட்டி மலிவு. அதைச் சுற்றுகிற பளபளக் காகிதமும் ரிப்பனும்தான் விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அச்சகத்தில் இது காலண்டர் காலம். கூடுதல் வேலை நிறைய. ஆனால் அந்தக் காசு கைக்கு வருவது ஜனவரி கடைசியில். பார்ட்டியோ டிசம்பரில். இந்த மாதம் உன் அத்தானுக்கு ஷூ மாற்றலாம் என்று பேசிவைத்திருந்தோம். அடியில் அட்டை வைத்துப் போட்டுக்கொண்டு போகிறார். காலையில் அவர் வந்து படுத்ததும், பிள்ளைகள் எழுமுன் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன். பிள்ளைக்கு வாங்கு, ஷூ எங்கே ஓடிவிடப் போகிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, கொஞ்சம் நீண்டுவிட்டது. பெரிய சண்டை இல்லை. உனக்குத் தெரியாததா.

கடையிலும் இதே கூத்துதான். வேஷத் துணி வாடகைக்கு விடுகிறவர் தன் சரக்கு முழுவதையும் எங்களிடம் வெளுக்கப் போட்டிருக்கிறார். நேற்று முழுக்கக் கிறிஸ்துமஸ் தாத்தாக்களின் அங்கியை வரிசையாக இஸ்திரி போட்டேன். தாடிக்கும் போடச் சொல்லவில்லை, அதுவரை புண்ணியம்.

நல்லவேளை, பெரியவள் மைனாவின் வகுப்பில் பார்ட்டி கிடையாதாம். மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பெரிய பிள்ளைகளாம், படிப்பு மட்டும்தானாம். அவளே சொன்னாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஊர்க் கதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறவள் இப்போது சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிறாள். வளர்கிறாள் போலிருக்கிறது.

நீ வாத்தியார்தானே, நீயே சொல். இதெல்லாம் கட்டாயமா? கட்டாயமில்லை என்று காகிதத்தின் கடைசி வரியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. எறும்பு எழுத்தை நம்பலாமா?

உன் அக்கா


நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். தாடிக்கு இஸ்திரி என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த கணக்கு ஆசிரியர் என்னவென்று கேட்டார். அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். மற்றதைக் காட்டவில்லை. ஏனென்றால் இந்த வருடம் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பார்ட்டிக்குப் பொறுப்பு உன் தம்பிதான். எங்கள் சுற்றறிக்கையை எழுதியதும் நானே. பச்சைக் காகிதம், ஓரத்தில் நட்சத்திரம். எறும்பு எழுத்தும் உண்டு.

நீ கோபப்படாமல் கேட்க வேண்டும். ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பதா என்று நீ கேட்பாய். கேட்கலாம். ஆனால் வருடம் முழுவதும் பெருக்கல், வகுத்தல், பரீட்சை என்று கிடக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒருநாள் எவ்வளவு பெரியது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவன் நான். போன வருடம் அறைக் கதவைத் திறந்து விளக்குச் சரத்தைப் போட்டபோது ஒரு வகுப்பே மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக எதையும் செய்யலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

நாங்கள் யாரையும் வற்புறுத்துவதும் இல்லை. என் வகுப்பில் நாலு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பெண்கள், ஒரு பையன். கேட்டால் கேக் பிடிக்காது என்கிறார்கள். சரி என்றேன். அந்த நேரத்துக்கு அவர்கள் நூலகத்தில் இருக்கலாம் என்று ஏற்பாடு. ஒருவர் முகமும் வாடவில்லை. பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், அக்கா. பெரியவர்கள்தான் எதையும் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சின்னவனின் சட்டை, குல்லா, பரிசு எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த உறைக்குள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். எனக்கு இங்கே என்ன செலவு? ஒரு அறை, ஒரு ஆள். அத்தானுக்கு ஷூவும் வாங்கிவிடு. மறுக்காதே.

மைனாவை ஒரு கடிதம் எழுதச் சொல். போன மாதம் எழுதவே இல்லை.

அன்புடன்
தம்பி


டிசம்பர் 1

தம்பிக்கு,

உன் பணம் இந்த உறைக்குள் அப்படியே இருக்கிறது. நான் உன்னிடம் கேட்டது யோசனை. கையேந்தவில்லை. அத்தானுக்குத் தெரியுமுன் திருப்பிவிடுகிறேன். சின்னவனுக்குச் சட்டை வாங்கியாயிற்று. ஒரு அளவு பெரிதாக வாங்கினேன், அடுத்த வருடமும் போடலாம். அந்தப் பேச்சு இத்துடன் போதும்.

சொல்ல வேண்டியது வேறு.

மைனாவோடு படிக்கிற பெண் ஒருத்தியின் அம்மா பேருந்து நடத்துநர். நேற்றுச் சீருடையோடு கடைக்கு வந்து, வாடகைக்கு எடுத்த ஒரு வெள்ளை உடுப்பைக் கொடுத்து மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார். முதுகில் இறக்கை மாட்ட வளையம் இருந்தது. எதற்கு என்றேன். வகுப்புப் பார்ட்டிக்குத் தேவதை வேஷம் என்றார். எந்த வகுப்பு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாக, மைனாவின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லையே, உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன் என்றார். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டேன். கையில் இருந்தால் துணியைச் சுட்டிருப்பேன்.

சாயங்காலம் மைனாவைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். துணி காயப்போடுகிற சாக்கு. கீழே அத்தான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உங்கள் வகுப்பில் பார்ட்டி உண்டாமே என்றேன். தலையை ஆட்டினாள். டீச்சரிடம் என்ன சொன்னாய் என்றேன்.

"எனக்கு கேக் பிடிக்காதுன்னு சொன்னேன். வெள்ளைத் துணி போட்டா உடம்பு அரிக்கும்னு சொன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"தம்பி சட்டைக்கு நீயும் அப்பாவும் பேசினப்போ நான் தூங்கலை. ஒரு ஆளுக்கே அவ்வளவுன்னா ரெண்டு பேருக்கு முடியாதுல்ல."

உனக்குக் கேக் பிடிக்குமே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மொதல் தடவை சொன்னப்போ பொய் மாதிரி இருந்துச்சும்மா. ரெண்டு மூணு தடவை சொன்னதுக்கப்புறம் நெஜமாவே பிடிக்காத மாதிரி ஆயிடுச்சு. பழகிக்கலாம்."

எட்டு வயது, தம்பி. கொடியில் காய்ந்த துணியை எடுத்து மறுபடி அதே கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று அழவும் இல்லை. அவள் என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி, அந்த நேரத்தில் டீச்சர் நூலகத்துக்கு அனுப்புவார், அங்கே படப் புத்தகம் இருக்கும், எனக்கு அதுதான் இஷ்டம் என்றாள்.

ஒருவர் முகமும் வாடவில்லை என்று எழுதியிருக்கிறாய். இவள் முகமும் வாடவில்லை. நாங்கள் இருவருமே வீட்டில் இருந்தும் கண்டுபிடிக்கவில்லை, உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். உன் வகுப்பில் கேக் பிடிக்காத நாலு பேர் யார்? அவர்கள் வீடு எது, அங்கே யார் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?

அக்கா


டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு முதலில் எழுதிய பதில் நீளமானது. நல்ல தமிழில் இருந்தது. கிழித்துவிட்டேன்.

பணம் வந்து சேர்ந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீ கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு பேரின் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யாருக்கு ஏழாம் வாய்பாட்டில் தடுக்கும் என்று தெரியும். வீட்டைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் தெரியாது. அவர்களிடமே போய் நேராகக் கேட்கலாமா என்று யோசித்தேன். அப்படிக் கேட்டால் இன்னொரு பொய்யை நானே சொல்ல வைத்த மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை எங்கள் அலுவலக எழுத்தர் ஓய்வு பெற்றார். ஆசிரியர் அறையில் கேக் வெட்டினோம். பாதிக்கு மேல் மிச்சம். கடைசி மணிக்குச் சற்று முன்னால் அதை வகுப்புக்கு எடுத்துப் போய் மேசையில் வைத்து, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்துகிற மாதிரி குனிந்துகொண்டேன். எல்லாரும் வந்து எடுத்துப் போனார்கள். அந்த நாலு பேர் அசையவில்லை. வகுப்பு கலையும் நேரத்தில் அதில் ஒருத்தி, இரட்டைச் சடை போடுகிறவள், என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், இது சும்மாவா?"

சும்மாதான் என்றேன். திரும்பி மற்ற மூன்று பேரையும் பார்த்துத் தலையசைத்தாள். நாலு பேரும் வந்தார்கள். தட்டில் ஒட்டியிருந்த துணுக்கைக்கூட விரலால் எடுத்துத் தின்றார்கள். நான் நோட்டில் ஏதோ ஒரு சரியான விடையைத் தவறு என்று அடித்துவிட்டேன், மறுநாள் அந்த நோட்டுக்குரிய பையன் கொண்டுவந்து காட்டினான்.

தலைமையாசிரியையிடம் போனேன். பணம் கட்டினால்தான் பார்ட்டி என்பதை மாற்ற வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். பிறகு, எல்லாரும் விரும்பித்தான் கட்டுகிறார்கள், விரும்பாதவர்களை நாம் வற்புறுத்துவதில்லையே, இதில் என்ன தவறு என்றார். எங்கேயோ கேட்ட வாதமாக இருந்தது. என் வாதம்தான். என் சுற்றறிக்கையிலிருந்து ஒரு வரியைப் படித்தும் காட்டினார். தன் வினை தன்னைச் சுடும் என்பதைச் செய்யுளில் நடத்துவதோடு சரி என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். கட்டிய பணத்தை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் பார்ட்டியை என் விருப்பப்படி நடத்திக்கொள்ளலாம். பெற்றோர் யாராவது புகார் செய்தால் பதில் சொல்வது என் பாடு. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்தபிறகுதான் காசில்லாமல் ஒரு பார்ட்டியை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. விளக்குச் சரம் வாடகைக்கு எடுக்கத் தெரியும். ஆள் அமர்த்தத் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

நீ சொல். நாலு பேருக்குச் சமைப்பதை எட்டுப் பேருக்குப் பரிமாறுகிறவள் நீ.

மைனாவை என்ன செய்தாய்?

தம்பி


டிசம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

பாதிக் கடிதம் வரை உன்மேல் கோபமாக இருந்தேன். இரட்டைச் சடைக்காரி வந்து நின்ற இடத்தில் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு என் பங்காக ஒரு முத்தம், ஆனால் கொடுத்து வைக்காதே, ஐந்தாம் வகுப்பென்றால் வெட்கப்படும்.

சனிக்கிழமை மைனாவின் வகுப்பில் பெற்றோர் கூட்டம். பார்ட்டிக் குழுவுக்கு ஒரு தலைவி இருக்கிறார். எப்போதும் முத்துமாலை போட்டிருப்பதால் நான் வைத்த பெயர் முத்துமாலைக்காரி. கையில் பட்டியலோடு எழுந்து, இறக்கை வாடகை இன்னும் யார் யார் தரவில்லை என்று ஆரம்பித்தார். நான் கை தூக்கினேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்த பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அது சின்னப் பிள்ளைகள் நாற்காலி, அதுவும் என்னோடு சேர்ந்து ஆடியது.

"எம் பொண்ணுக்கு கேக் பிடிக்கும். வீட்டு நிலைமை தெரிஞ்சுக்கிட்டு பிடிக்காதுன்னு சொல்லியிருக்கா. எட்டு வயசுல அதைக் கத்துக்க வேண்டாம்னு நினைக்கிறேன். அவ்வளவுதாங்க."

உட்கார்ந்துவிட்டேன். முத்துமாலைக்காரி வருடத்தில் ஒருநாள்தானே என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்போது என் பின்னால் ஒருவர் எழுந்தார். மருந்துக்கடைக்காரர் மனைவி. அவர்களை எல்லாம் வசதியானவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று பிள்ளைகளும் இதே பள்ளியில், மூன்று பார்ட்டி, போன டிசம்பரில் அண்ணனிடம் கடன் வாங்கினேன் என்றார். "வீட்டுல கேக்க வெட்கம், இங்க சொல்ல வெட்கம்," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆளாளுக்குப் பேசினார்கள். நடத்துநர் அம்மா அந்த வெள்ளை உடுப்பைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கிடைக்குமா என்று என்னையே கேட்டார்.

முத்துமாலைக்காரி பட்டியலை மடித்தார். கோபித்துக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. எல்லாரும் இதைத்தான் விரும்புகிறீர்கள் என்று நினைத்து ஒவ்வொரு வருடமும் ஓடி ஓடிச் செய்தேன், குறைந்த பணத்தைப் போன தடவை என் கையிலிருந்து போட்டேன், வீட்டில் அதற்குத் திட்டு வாங்கினேன் என்றார். பாவமாகிவிட்டது. கூட்டம் முடிந்தபின் நான்தான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த முத்து பிளாஸ்டிக், பக்கத்தில் பார்த்தால் தெரிகிறது.

முடிவு இதுதான். இறக்கை கிடையாது. பரிசு மாற்றுவது கிடையாது. கேக்கைப் பள்ளிச் சமையலறையில் செய்யலாம் என்று டீச்சர் ஒத்துக்கொண்டார். மாவோ சர்க்கரையோ முட்டையோ, யாரால் எது முடியுமோ அது. ஒன்றும் முடியாதவர்கள் வந்து பாத்திரம் கழுவலாம். மைனா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். முகத்தைப் பார்த்தால் இன்னும் முழுசாக நம்பவில்லை.

வீட்டில்தான் புகைச்சல். நான் கூட்டத்தில் பேசியது அச்சகம்வரை போய்விட்டது. நடத்துநர் அம்மாவின் கணவர் அங்கேதான் பைண்டிங் பிரிவில் இருக்கிறாராம். உன் அத்தான் விடிகாலையில் வந்து ஷூவைக் கழற்றியபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் சம்பாதிக்கலைன்னு ஊருக்கே சொல்லிட்டு வந்தியா?"

நான் சொன்னது அதுவல்ல என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நாலு நாளாகச் சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார், போடாவிட்டால் கேட்பதில்லை. நான் அவரைக் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. இதற்கு எனக்கு மருந்து தெரியவில்லை.

நீ யோசனை கேட்டாயே. மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிடு, பிள்ளைகளுக்கு வேண்டியது ஓட இடம். தின்பண்டம் கொண்டுவருகிறவர்கள் கொண்டுவரட்டும், ஆனால் எவர் கையில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்க வேண்டாம். வாசலிலேயே வாங்கி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிடு. வெறுங்கையோடு வருகிறவனுக்கும் அதே பாத்திரம்தான். கிறிஸ்துமஸ் தாத்தாவே வேண்டாம். வேண்டுமானால் நீயே ஆகு, தொந்தி மட்டும்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கும்.

அக்கா


டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது. நேற்று. இன்றைக்கு எனக்குத் தொண்டை இல்லை, அதனால் எழுதுவதே வசதி.

உன் ஒரே பாத்திர யோசனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சத்துணவுக் கூடத்திலிருந்து பெரிய அண்டாவை வாங்கி வாசலில் வைத்தேன். வறுவல், பிஸ்கட், மிட்டாய், காரக்கடலை, உரித்த ஆரஞ்சுச் சுளை எல்லாம் வந்தது, எல்லாம் உள்ளே போனது. ஆரஞ்சு உள்ளே போனபோது நான் தடுத்திருக்க வேண்டும். ஈரமான காரக்கடலையை மிட்டாயோடு சேர்த்துத் தின்றிருக்கிறாயா? பிள்ளைகள் தின்றார்கள். அண்டாவில் முக்கால்வாசி காலி. கணக்கு ஆசிரியர் ஒரு கைப்பிடி வாயில் போட்டுவிட்டு, இந்தக் கூட்டலுக்கு விடை கிடையாது என்று போய்விட்டார்.

வேஷத்துக்கு முன்பணம் கட்டிவிட்ட ஒரு அப்பா சண்டைக்கு வந்தார். நியாயம்தான், திரும்பத் தர மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். பிள்ளைக்குத்தானே எடுத்தீர்கள் என்றேன். இல்லை, தனக்கு என்றார். ஒவ்வொரு வருடமும் தாத்தாவாக வரவேண்டும் என்று அவருக்கே ஆசை, யாரும் கூப்பிடுவதில்லை, இந்த வருடம்தான் துணிந்து எடுத்திருக்கிறார். வாருங்கள் என்றேன். வந்தார். பரிசுப் பை இல்லாத தாத்தா என்ன செய்வார் என்று ஒரு பையன் கேட்டதற்கு, ஓடிப் பிடிப்பார் என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார். வராந்தா முழுக்க ஓடினார். தாடி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அந்த அங்கி உங்கள் கடைக்கு வந்தால் பார்த்து வெளுக்கவும், முழுக்க வியர்வை.

விளக்குச் சரம் இல்லை. போன வருடம் கேட்ட அந்த மூச்சிழுப்புச் சத்தமும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் நின்று வேடிக்கை பார்க்க நேரம் இருந்தால்தானே குறை தெரியும். என்னையும் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

இரட்டைச் சடைக்காரி எல்லாருக்கும் முன்னால் வந்து பெஞ்சுகளைத் தள்ள உதவினாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை, இப்போது தெரியும். மற்ற இரண்டு பெண்களும் வந்தார்கள். நாலு பேரில் ஒருவனான அந்தப் பையன் மட்டும் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அவனுக்கு மெய்யாகவே கேக் பிடிக்காமலும் இருக்கலாம், நான் இப்போது எதையும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. விடுமுறை முடிந்ததும் அவன் வீட்டுப் பக்கம் போய்வரலாம் என்றிருக்கிறேன்.

புகார் இரண்டு வந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் பார்ட்டிப் பொறுப்பு வேறு ஒருவருக்கு என்றார். சரி என்றேன். கிளம்பும்போது, ஆனால் அந்தப் பணம் கட்டும் முறை இனி எந்த வகுப்புக்கும் வேண்டாம் என்று நினைக்கிறேன் என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

அத்தான் பேசினாரா? ஷூ விஷயத்தில் நான் பணம் வைத்தது தப்பு, அது அவரைச் சிறுமைப்படுத்துவது என்று இப்போது புரிகிறது. நீயும் அதைத்தானே அவருக்குச் செய்துவிட்டாய் என்று எழுத வந்தேன், இல்லை, அது வேறு. எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரை நான் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


டிசம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு,

ஆரஞ்சைக் கொட்டச் சொன்னது யார்? உலர்ந்த பண்டம் என்று எழுதாமல் விட்டது என் தப்பு. வாத்தியாருக்கு எதையும் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

உன் அத்தான் பேசினார். நேராகப் பேசவில்லை. பார்ட்டிக்கு முந்தின நாள் காலையில் ஒரு பெரிய காகிதக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். காலண்டர் வெட்டும்போது ஓரத்தில் விழுகிற காகிதத் துண்டுகள். சிவப்பு, தங்கம், கடல் நீலம் என்று நீள நீளமாக. குப்பைக்குப் போகிற காகிதம்தான், வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். குப்பைக்குப் போகிற காகிதத்தை யாரும் நிறம் பிரித்து அடுக்கி நூல் போட்டுக் கட்டுவதில்லை, தம்பி. தூங்கிய பின் அவர் கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் நான் கேட்டேன், நான் பேசினது உங்களுக்கு அவமானமாக இருந்ததா என்று. இருந்துச்சு என்றார். பிறகு, மைனா பொய் சொன்னது எனக்குத் தெரியாம இருந்ததுதான் அதைவிட என்றார். சேர்ந்து சாப்பிட்டோம்.

வகுப்பறை முழுக்க அந்தக் காகிதம்தான். டீச்சர் பிள்ளைகளிடம் கத்தரிக்கோலையும் பசையையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கேக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாத்திரம் கழுவ வந்தவர்கள் அதிகமாகி, கழுவப் பாத்திரம் போதவில்லை. முத்துமாலைக்காரி மாலையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மாவு கலக்கினார்.

அத்தான் வேலை முடித்து நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். விரல் நகத்தில் மை. மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்த மாதிரியே தூங்கிப்போனார். அவ்வளவு சத்தத்திலும். நான் எழுப்பப் போனேன், மைனா தடுத்தாள். பிறகு பார்த்தால் ஒரு கூட்டமே அவரைச் சுற்றி நிற்கிறது. மிச்சமிருந்த காகிதம் முழுவதையும் அவர்மேல் ஒட்டிவிட்டார்கள். கை, தோள், காது வரைக்கும். கிறிஸ்துமஸ் மரம் குறட்டை விடுகிறது என்று சின்னவன் எல்லாரையும் கூட்டிவந்து காட்டினான். கண் விழித்தவர் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் ஏமாந்துவிடக் கூடாதென்று.

மைனா கேக் தின்றாள். எத்தனை துண்டு என்று நான் பார்க்கவில்லை. அவள் பக்கம் பார்க்கவே கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

நால்வரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குள் சக்கரம் வைத்த காலணி, ரோலர் ஸ்கேட். மைனா நின்றுவிட்டாள். அம்மா, எனக்கு அது வேண்டும் என்றாள். விலையைப் பார்த்தேன், நம் பக்கம் இல்லை. இப்போது முடியாது என்றேன். ஏன் என்றாள். அவ்வளவு காசு இல்லை என்று சொன்னேன். எப்போது வரும் என்றாள். தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னா? வாங்கித் தருவியா மாட்டியா? எனக்கு வேணும்மா. எனக்கு நெஜமாவே வேணும்."

அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. நடைபாதையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து காலை உதைத்து அழுதாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் என்னை முறைத்துவிட்டுப் போனார். சின்னவனே பயந்துபோய், அக்கா எழுந்திரு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்றான். அத்தான் கையைப் பிசைந்துகொண்டு, இத்தனை வயதில் இப்படியா அடம்பிடிப்பாள், ஏதாவது சொல்லேன் என்றார். நான் அவளை அதட்டவில்லை. வாங்கித் தரவும் இல்லை.

கடைசியில் அவர் அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். தோளில் கிடந்தும் அவள் ஓயவில்லை. கடைத்தெரு தாண்டி, பாலம் தாண்டி, நம் படிக்கட்டு ஏறும்வரைக்கும், வேணும், வேணும், வேணும் என்றே வந்தாள். நான் பின்னால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதைக் கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது, தம்பி.

உன் அக்கா